மருந்தை வெளியேற்றும் புரதங்கள்

உலகில் அதிகம் காணப்படும் புற்றுநோய்களுள் பெருங்குடல் புற்றுநோய் மூன்றாம் இடத்தில் உள்ளது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 1.9 மில்லியன் பேர் இந்நோய்க்கு ஆளாகின்றனர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இது பரவலாகக் காணப்படுகிறது. நோய் தொடக்க நிலையில் இருந்தால் பெரும்பாலும் அறுவை சிகிச்சையே போதுமானது. நிணநீர்க் கணுக்களுக்கோ கல்லீரல் போன்ற பிற உறுப்புகளுக்கோ நோய் பரவிவிட்டால், கீமோதெரப்பி எனப்படும் வேதிச் சிகிச்சையும் தேவைப்படுகிறது.

ஆனால், இச்சிகிச்சை எல்லா நோயாளிகளுக்கும் ஒரே வகையில் பலன் தருவதில்லை. சிலருக்குத் தொடக்கத்திலிருந்தே மருந்து வேலை செய்வதில்லை. வேறு சிலருக்கு முதலில் சுருங்கும் கட்டி, சில மாதங்களுக்குப் பின் அதே மருந்துக்குக் கட்டுப்படாமல் மீண்டும் வளர்கிறது. முடி உதிர்தல், வாந்தி, சோர்வு ஆகியவற்றையெல்லாம் நோயாளி பொறுத்துக்கொண்டும் நோய் குறைவதில்லை. இந்நிலை மருந்து எதிர்ப்பு எனப்படுகிறது. இதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று, உயிரணுக்களின் சவ்வில் அமைந்துள்ள கடத்திப் புரதங்கள் ஆகும்.

ஒவ்வோர் உயிரணுவையும் மெல்லிய சவ்வு ஒன்று சூழ்ந்துள்ளது. அச்சவ்வில் பொதிந்துள்ள சில புரதங்கள் தேவையான பொருள்களை உள்ளே கொண்டு வருகின்றன. வேறு சில, வேண்டாதவற்றை வெளியே தள்ளுகின்றன. வெளியே தள்ளும் புரதங்களுள் முக்கியமானவை ஏபிசி கடத்திகள். இவை ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூற்றைச் செலவிட்டு இயங்குகின்றன. படகினுள் கசியும் நீரைப் படகோட்டி இடைவிடாமல் இறைத்துக் கொட்டுவதைப் போல, மருந்து நுழைய நுழைய இவை அதனை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். உயிரணுவைக் கொல்லும் அளவுக்கு மருந்து உள்ளே சேர்வதில்லை. எனவே, புற்றணு பிழைத்துக்கொள்கிறது.

இவ்வகைப் புரதம் ஒன்றை 1976ஆம் ஆண்டில் ருடால்ஃப் ஜூலியானோ, விக்டர் லிங் ஆகிய இருவரும் கனடாவில் கண்டறிந்தனர். கோல்சிசின் என்னும் நச்சுப்பொருளைத் தாங்கி வளர்ந்த சீன வெள்ளெலியின் உயிரணுக்களை அவர்கள் ஆராய்ந்தனர். அவ்வுயிரணுக்கள் கோல்சிசினை மட்டுமன்றி, அதுவரை சந்தித்திராத வேறு மருந்துகளையும் தாங்கி நின்றன. அவற்றின் சவ்வில் மிகுதியாக இருந்த புரதத்திற்குப் பி-கிளைக்கோபுரதம் எனப் பெயரிட்டனர். பின்னர் 1990களில் எம்ஆர்பி1, ஏபிசிஜி2 போன்ற கடத்திகளும் கண்டறியப்பட்டன.

இப்புரதங்கள் புற்றுநோயால் தோன்றியவை அல்ல. குடற்சுவர், கல்லீரல், சிறுநீரகம், மூளையின் இரத்தக் குழாய்கள் ஆகியவற்றில் இவை இயல்பாகவே உள்ளன. உணவோடு வரும் நச்சுப்பொருள்கள் உடலில் சேராமல் தடுப்பதே இவற்றின் பணி. பெருங்குடலின் உட்சுவரும் இக்காவலைப் பெற்றுள்ளது. ஆகவே, அங்குத் தோன்றும் புற்றணுக்களும் பெரும்பாலும் அக்காவலோடு பிறக்கின்றன. மார்பகப் புற்றுநோய்க்குப் பயன்படும் சில மருந்துகள் பெருங்குடல் புற்றுநோயில் பலன் தராததற்கு இதுவும் ஒரு காரணமாகும். பெருங்குடல் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் இரினோடீகன் என்னும் மருந்து, உடலில் எஸ்என்-38 என்னும் வீரியமிக்க பொருளாக மாறுகிறது. அப்பொருளை ஏபிசிஜி2 புரதம் வெளியேற்றிவிடுகிறது.

அப்படியானால், இப்புரதங்களைச் செயலிழக்கச் செய்தால் என்ன? 1981ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதற்கு வழி கண்டனர். இதய நோய்க்குப் பயன்படும் வெரபமில் என்னும் மருந்து, எதிர்ப்புப் பெற்ற புற்றணுக்களில் மருந்தைத் தங்க வைத்தது. ஆயினும், நோயாளிகளுக்குத் தேவைப்பட்ட மிகுதியான அளவு இதயத்தைப் பாதித்தது. பின்னர் இதற்கென்றே உருவாக்கப்பட்ட மருந்துகளும் எதிர்பார்த்த வெற்றியைத் தரவில்லை. அவை நலமான உறுப்புகளின் காவலையும் முடக்கின; வேதிச் சிகிச்சை மருந்து உடலில் நெடுநேரம் தங்கி நஞ்சாயிற்று. மேலும், ஒரு கடத்தி முடங்கினாலும் வேறொன்று அதன் வேலையைச் செய்யக்கூடும். நம்மைக் காக்கும் புரதமே புற்றணுவையும் காக்கிறது என்பதே இங்குள்ள பெருஞ்சிக்கல்.

எனவே, மருத்துவர்கள் வெவ்வேறு முறையில் செயல்படும் மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கின்றனர். ஒன்றிலிருந்து தப்பும் புற்றணுவை மற்றொன்று தாக்கும் என்பதே இதன் நோக்கம். மருந்தை நுண்துகள்களில் பொதிந்து புற்றணுவினுள் செலுத்தும் ஆய்வுகளும் நடைபெறுகின்றன.

ஆய்வுகள் ஒருபுறம் தொடர, நோயை முன்கூட்டியே கண்டறிவது நம் கையில் உள்ளது. 50 வயதை எட்டியவர்கள் எளிய மலப் பரிசோதனையைத் தவறாமல் செய்துகொள்ள வேண்டும். கட்டி சிறிதாக இருக்கும்போதே அகற்றப்பட்டால், மருந்தை வெளியேற்றும் இப்புரதங்களோடு போராட வேண்டிய தேவையே பலருக்கு எழாது.