உருகியும் ஓடாத மெழுகு

நுவரெலியாவில் வாழும் நம் வாசகர்களுக்கு, மார்கழி மாதத்து விடியற்காலையில் தேங்காயெண்ணெய்ப் போத்தல் வெண்மெழுகாய் உறைந்து நிற்பது புதுமையன்று. அடுப்படியிற் சிறிது நேரம் வைத்து, உருகிய பின்னரே தலைக்கு எண்ணெய் வைக்க இயலும். உருகும்போது அவ்வெண்ணெய் அடுப்பின் வெப்பத்தை உட்கொள்கின்றது. மீண்டும் உறையும்போது உட்கொண்டதைத் திருப்பிக் கொடுத்துவிடுகின்றது. இக் கொடுக்கல் வாங்கலை நம்பி வீடுகளையே சூடாக்கலாமென எண்ணியவர்களின் கதையை இவ்வாரம் கூற விழைகின்றோம்.

உருகும் பொருள் வெப்பத்தை மறைத்து வைக்கும் என்பதை 18ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்து கூறியவர் ஸ்கொத்லாந்துப் பேராசிரியர் யோசேப்பு பிளாக். ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்குவதற்கு ஏறக்குறைய 80 கலோரி வெப்பம் வேண்டும். அவ்வளவு வெப்பமும் உட்சென்ற பின்னரும், உருகிய நீர் பூச்சிய பாகையிலேயே நிற்கும்! அதே வெப்பத்தை அந்நீருக்கு மீண்டும் ஒருமுறை கொடுத்தால் அது 80 பாகைக்கு ஏறிவிடும். ஆதலின் இதற்கு மறைவெப்பம் என்னும் பெயர் மிகவும் பொருந்தும்.

ஐக்கிய அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாகாணத்தில் டோவர் என்னும் ஊரிலே 1948ஆம் ஆண்டில் ஒரு புதுமையான வீடு எழுந்தது. அதன் வெப்ப ஏற்பாட்டை வகுத்தவர் ஹங்கேரி நாட்டிற் பிறந்த விஞ்ஞானி மேரியா தெல்கெஸ் அம்மையார். வீட்டை வரைந்தவர் எலினோர் றேமண்ட். பணம் உதவியவர் அமீலியா பீபொடி. மூவரும் பெண்மணிகள் என்பதை நம் மாணவியர் கவனிப்பார்களாக. பனி கொட்டும் அவ்வூரில், கண்ணாடிச் சாளரங்களின் பின்னே ஞாயிற்றின் வெப்பத்தை வாங்கி, காற்றின் வழியாகப் பீப்பாய்களுக்குச் செலுத்தினார்கள். அப் பீப்பாய்களில் 21 தொன் கிளோபர் உப்பு இருந்தது. அது 32 பாகையளவில் உருகுவது. பகலில் உருகி, இரவில் உறைந்து, அறைகளுக்கு வெப்பத்தை வழங்குவது அதன் கடமை. தெல்கெஸின் உறவினர் ஒருவர் மனைவி மகனுடன் அங்கே குடியேறினார். விறகோ நிலக்கரியோ இன்றிக் குளிரைக் கழிக்கலாம் என்பதே அனைவரது நம்பிக்கையும்.

சில குளிர்காலங்களிலேயே அந்நம்பிக்கை தளர்ந்தது. கிளோபர் உப்பு உருகும்போது அதனுள் அடங்கிய நீர் பிரிந்துவிடுகின்றது. நீரை இழந்த உப்பு கனத்தால் அடியிற் படிகின்றது. உறையும் வேளையில் மேலேயுள்ள நீரும் கீழேயுள்ள உப்பும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் சேமிப்புக் குறைந்தது. பீப்பாய்களும் அரிக்கப்பட்டுக் கசிந்தன. ஈற்றில் அவ்வீட்டுக்கு வழக்கமான சூடாக்கியே பொருத்தப்பட்டது. அம்மையாரின் கணக்கிலே பெரும் பிழை இல்லையென்றே நாம் கருதுகின்றோம். உருகியதை இருந்த இடத்தில் இருத்தி வைக்க ஒரு பிடிப்பு இல்லாமற் போயிற்று, குறை அவ்வளவே.

அப் பிடிப்பையே பின்னாளிற் பல்பகுதியங்கள் அளித்தன. பல்பகுதியமென்றால் சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கோத்து நீண்ட சங்கிலியான பொருள். நாம் கடைக்குக் கொண்டு செல்லும் பொலித்தீன் பையும் அவ்வினத்ததே. நீரை உறிஞ்சிக் கூழாகும் பல்பகுதியத்தை உப்புடன் கலந்தால், உப்பு அடியில் இறங்காது அந்தரத்தில் நிற்கும்.

பரபின் மெழுகுக்கு வேறொரு வழி உண்டு. மெழுகையும் பொலித்தீனையும் ஒன்றாக உருக்கிக் கலந்து ஆறவிடுகின்றார்கள். அடர்ந்த பொலித்தீன் 130 பாகையளவிலேதான் உருகும். மெழுகோ அதன் வகைக்கேற்ப 20 முதல் 60 பாகைக்குள் உருகிவிடும். ஆகவே மெழுகு உருகும்போது பொலித்தீன் வலை திடமாக நின்று, கடற்பஞ்சு நீரைத் தாங்குவதுபோல் அதைத் தாங்குகின்றது. தொட்டால் கட்டி, உள்ளேயோ திரவம்!

இன்னும் நுட்பமானது பொலியெதிலீன் கிளைக்கோல் என்னும் பல்பகுதியம். இங்கே சங்கிலியே வெப்பத்தைச் சேமிக்கின்றது. அச் சங்கிலியின் ஒரு நுனியைப் பருத்தியிலுள்ள செலுலோசுடன் இரசாயனப் பிணைப்பாற் கட்டிவிட்டால், கட்டையிற் கட்டிய கன்றுபோல அது துள்ளுமேயன்றி ஓடாது. வெப்பத்தை வாங்கும்; ஆயினும் சொட்டாது.

மெழுகுத் துளிகளைக் கண்ணுக்குத் தெரியாத பல்பகுதிய ஓடுகளில் அடைப்பதும் உண்டு. விண்வெளி வீரரின் கையுறைகளுக்கென 1980களில் அமெரிக்காவில் ஆராயப்பட்ட இம்முறை பின்னர் குளிருடைகளுக்கும் சுவர்ச் சாந்துக்கும் வந்து சேர்ந்தது.

இவற்றிலும் குறை உண்டு. மெழுகும் பொலித்தீனும் வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்துவன. பெரிய கட்டியின் நடுப்பகுதி உருகுமுன் பகல் கழிந்துவிடக்கூடும். அதனால் காரீயத் தூளையும் உலோக நுரையையும் கலந்து பார்க்கின்றனர். கலக்கக் கலக்க மெழுகின் பங்கு குறைந்து, சேமிப்பும் குறைகின்றது. மேலும், இரண்டுமே தீப்பற்றுவன. குழந்தைகள் உறங்கும் அறையின் சுவருக்குள் மெழுகை வைப்பவர், தீயைத் தடுக்கும் பொருளையும் உடன் வைத்தாக வேண்டும். அப்பொருளும் மெழுகின் இடத்திற் சிறிது பங்கு கேட்கும்.