சமய நிலையமும் சட்டத்தின் வினாவும்: குழந்தைக்கு இழைத்த கொடுமைக்கு விடை சொல்பவர் யார்?

இரப்பர்த் தோட்டத்து லாரியொன்று லயத்துப் பாதையில் நடந்து சென்ற சிறுவன்மீது மோதிவிட்டதாக வைத்துக்கொள்ளலாம். ஓட்டுநர் ஏழை, அவரிடமிருந்து இழப்பீடு பெறுதல் இயலாது. ஆயினும் பெற்றோர் வழியற்றவர் ஆகார். அவரை வேலைக்கு அமர்த்திய கும்பெனி அத்தவற்றுக்கு விடை சொல்லியாக வேண்டும். 'லாரியை ஓட்டியது நானல்லேன்' என்று கும்பெனி நழுவ முடியாது. பணியாளர் பணியின்போது செய்த தவற்றுக்கு அவரைப் பணியில் அமர்த்தியவர் பொறுப்பேற்கும் இக்கோட்பாட்டைப் 'பிறர்வினைப் பொறுப்பு' எனலாம். இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தில் தோன்றி மலேசியாவிலும் வேரூன்றிய கோட்பாடு இது.

அதே தோட்டத்தின் மாரியம்மன் கோயிலிலோ, பக்கத்து ஊர்த் தேவாலயத்திலோ, ஒரு சமயப் பள்ளியிலோ, பிள்ளை ஒன்றுக்குச் சமயப் பணியாளரே பாலியல் கொடுமை இழைத்தால் நிலை என்ன? கொடுமை புரிந்தவர் குற்றவாளிக் கூண்டில் நிற்பார், அதில் ஐயமில்லை. ஆனால் அவரை அந்தப் பீடத்தில் அமர்த்தி, அவரை நம்பிப் பிள்ளையை அனுப்பலாம் என்ற எண்ணத்தைப் பெற்றோர் உள்ளத்தில் விதைத்த நிலையம் விடை சொல்ல வேண்டுமா, வேண்டாவா? கடந்த கால் நூற்றாண்டாகப் பல நாடுகளின் உயர்ந்த நீதிமன்றங்கள் ஆராய்ந்துவரும் வினா இது. பேராக்கில் வாழும் தமிழர்க்கும் இஃது அயலார் வினா அன்று.

புதுக்கோட்டை வழக்கு

தமிழர் நடுவே நிகழ்ந்தவற்றுள் யாவரும் அறிந்த வழக்கு சுவாமி பிரேமானந்தாவின் வழக்காகும். இலங்கை மாத்தளையில் ஆசிரமம் நடத்திய அவர், 1983ஆம் ஆண்டுக் கலவரத்திற்குப் பின் தமிழகம் வந்தார். 1989இல் திருச்சிராப்பள்ளிக்கு அருகே பாத்திமா நகரில் ஆசிரமம் எழுந்தது. அங்கு வளர்ந்த பெண்பிள்ளைகளுள் பலர் இலங்கைப் போரினால் ஆதரவு இழந்தவர்கள். ஆசிரமத்தைவிட்டு வெளியேறியவர்களின் சொல்லால் உண்மை வெளிப்பட்டு, 1994இல் அவர் கைது செய்யப்பட்டார். சிறுமியர் உள்ளிட்ட பதின்மூவரைக் கற்பழித்த குற்றத்திற்கும், ஒரு கொலைக் குற்றத்திற்கும் புதுக்கோட்டை அமர்வு நீதிமன்றம் 1997 ஆகஸ்டில் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. தீர்ப்பளித்த நீதிபதி ஆர். பானுமதி பின்னாளில் இந்திய உச்சநீதிமன்ற நீதிபதியானார். 2002இல் சென்னை உயர்நீதிமன்றமும், 2005இல் உச்சநீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்தன. 2011இல் அவர் சிறைவாசத்தின்போதே இறந்தார்.

இவ்வழக்கில் கருதத்தக்கவை இரண்டு. ஒன்று, உணவும் உறைவிடமும் கல்வியும் குருவருளும் ஒரே கையிலிருந்து வரும் இடத்தில், பிள்ளை 'மாட்டேன்' என்று சொல்வதற்கு வழியே இல்லை. மற்றொன்று, தலைவர் ஒருவர் மட்டும் தண்டனை பெறவில்லை. அவருக்குத் துணைநின்ற ஆசிரமத்தார் சிலரும் தண்டிக்கப்பட்டனர். தனியொருவர் நெடுங்காலம் தவறு செய்வதற்குச் சூழ நிற்பவரின் கையோ, மௌனமோ தேவைப்படுகிறது.

எனினும் குற்றவியல் சட்டம் குற்றம் புரிந்த ஆட்களைத் தேடிப் பிடித்துத் தண்டிப்பது. பிள்ளையின் இழந்த நலத்திற்கு ஈடு செய்யும் பொறுப்பு நிலையத்துக்கு உண்டா என்பது உரிமையியல் சட்டத்தின் வினா. அவ்விரண்டையும் ஒன்றாக எண்ணி மயங்குதல் கூடாது.

பணிக்கும் தவற்றுக்கும் உள்ள தொடர்பு

லாரி ஓட்டுநர் தம் வேலையைச் செய்கையில் தவறினார். குழந்தையைக் கெடுத்தவரோ தமக்கு இட்ட வேலைக்கு நேர்மாறானதைச் செய்தார். ஆகவே அதற்கு நிலையம் பொறுப்பன்று என்பதே நெடுங்காலம் சொல்லப்பட்ட வாதம். இவ்வாதத்தை 1999இல் கனடாவின் உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை. பிள்ளைகள் தங்கி வளரும் அறநிலையம் ஒன்றில், குளிப்பாட்டி உறங்கவைக்கும் வேலைக்கு அமர்த்தப்பட்டவர் கொடுமை செய்த வழக்கு அது. தாய் தந்தையர்க்கு ஒப்பான அதிகாரத்தை ஒருவரிடம் தந்த நிலையம், அந்த அதிகாரத்தால் விளையக்கூடிய தீங்கையும் தானே உண்டாக்கியது ஆகும் என்று நீதிமன்றம் கண்டது. இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 2001இல், மாணவர் விடுதிக் காப்பாளர் ஒருவரைப் பற்றிய வழக்கில், தவறு அவர் ஏற்ற பணியோடு நெருங்கிய தொடர்புடையதா என்பதே உரைகல் என்று விதித்தது.

அடுத்த தடை வேறொன்று. சமயத் துறவியர் சம்பளக்காரர் அல்லரே. அவர்க்கு முதலாளி யார்? ஈப்போ நகரத்தார் செயிண்ட் மைக்கேல் பள்ளியின் வாயிலாக நன்கறிந்த லாசால் சகோதரர் சபையைப் பற்றியே இவ்வினா இங்கிலாந்தில் எழுந்தது. வழக்கு யார்க்ஷயரில் இருந்த ஒரு பள்ளியைக் குறித்தது. ஈப்போப் பள்ளிக்கும் அதற்கும் தொடர்பில்லை. சகோதரர்கள் சபையின் ஊழியர் அல்லர் எனினும், சபை அவர்களை ஏவியது, இடம் மாற்றியது, ஒழுங்குக்கு உட்படுத்தியது. ஆதலின் அவ்வுறவு வேலையுறவை ஒத்தது என்று இங்கிலாந்தின் உச்சநீதிமன்றம் 2012இல் முடிவு செய்தது. ஆஸ்திரேலியாவின் தலைமை நீதிமன்றமோ 2024 நவம்பரில் இதற்கு மாறாகத் தீர்ப்பளித்தது. பல்லாரட் மறைமாவட்டத்துக் குருவானவர் ஆயரின் ஊழியர் அல்லராகையால், அவர் செயலுக்கு ஆயர் பிறர்வினைப் பொறுப்பு உடையவர் அல்லர் என்றது அத்தீர்ப்பு. ஒரே மூலத்திலிருந்து கிளைத்த சட்டம் இரு நாடுகளில் இரு திசையில் செல்கிறது.

மலேசியாவில் கூட்டரசு நீதிமன்றம் 2022இல் நெருங்கிய தொடர்பு என்னும் உரைகல்லை ஏற்றுக்கொண்டது. அது சமய வழக்கு அன்று. தனியார் பாதுகாப்பு நிறுவனத்தைச் சேர்ந்த மெய்க்காவலர் ஒருவர், 2016இல் பினாங்கில், தாம் காக்க வேண்டியவரையே சுட்டுக் கொன்று பிறரையும் சுட்டார். காயமுற்ற ஒருவர் வழக்குத் தொடுத்தார். துப்பாக்கியைத் தந்து காவலுக்கு அனுப்பிய நிறுவனமே அதனால் விளைந்த தீங்குக்குப் பொறுப்பு என்று நீதிமன்றம் கண்டது. காக்க வந்த கை கெடுத்தால், அக்கையை அனுப்பியவர் விடை சொல்ல வேண்டும் என்னும் இக்கருத்து கோயில் வாயிலோடும் தேவாலய வாயிலோடும் நின்றுவிடுவதற்குக் காரணம் ஏதுமில்லை.

யார்மேல் வழக்கு?

பொறுப்பு உண்டு என்று கொண்டாலும், யாரை எதிர்த்து வழக்கிடுவது? ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 2007இல் ஒருவர் இவ்வினாவிலேயே தோற்றார். திருச்சபை என்பது சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள் அன்று. சொத்தை வைத்திருக்கும் அறங்காவலர்க்கோ குருமாரின் நடத்தையில் பங்கில்லை. எனவே வழக்கிட ஆளே இல்லை என்றாயிற்று. அவ்வோட்டையை அடைக்க அம்மாநிலம் 2018இல் தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

பேராக்கின் நிலை என்ன? இம்மாநிலத்தின் கத்தோலிக்கர் பினாங்கு மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். மலாயாவின் ஆயர் பதவிகளை 1957ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சட்ட ஆட்களாக ஆக்கியுள்ளது. ஆயர் மாறலாம், பதவி சாவதில்லை. அது வழக்கிடலாம், அதன்மேல் வழக்கிடவும் கூடும். இந்துக் கோயில்களுக்குப் பினாங்கில் 1906ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேர்கொண்ட அறப்பணி வாரியம் உண்டு. பேராக்கில் அத்தகையது இல்லை. இங்குள்ள கோயில்கள் பெரும்பாலும் 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற சங்கங்களால் நடைபெறுபவை. அத்தகைய சங்கம், பதிவதிகாரியிடம் அறிவிக்கப்பட்ட பொது அலுவலர் ஒருவர் பெயரால் வழக்கிடவும் வழக்கை எதிர்கொள்ளவும் சட்டம் இடந்தருகிறது.

இடர்ப்பாடு பழைய தோட்டங்களில்தான். தோட்டம் இருந்த காலத்தில் லயமும் பள்ளியும் கோயில் நிலமும் கும்பெனியின் கையில் இருந்தன. யாதொன்றுக்கும் துரையிடம் போய் நிற்கலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, விற்கப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. மக்கள் புந்தோங்குக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் பிற ஊர்களுக்கும் பெயர்ந்தனர். கோயில் மட்டும் நின்ற இடங்கள் பல. அவற்றுள் பதிவில்லாதனவும் உண்டு. அங்கே பூசைக்கு ஆள் வருகிறார். சமய வகுப்பும் நடக்கிறது. ஆனால் சட்டத்தின்முன் நிற்கக்கூடிய ஆள் தெளிவாக இல்லை. பதிவு என்பது நிலத்திற்கும் மானியத்திற்கும் மட்டும் வேண்டிய தாள் அன்று. பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்தால் 'யார் பொறுப்பு' என்ற வினாவுக்கு அதுவே முதல் விடையாகும்.

தமிழகத்திலிருந்து வேலை அனுமதியில் வரவழைக்கப்படும் குருக்கள்மாரைப் பொறுத்தவரை வேலையுறவைத் தேடவே வேண்டியதில்லை. கோயிலே அவர்களின் முதலாளி. புகார் எழுந்தவுடன் அத்தகையவரைக் கமுக்கமாக ஊருக்கு அனுப்பிவிடும் குழு, கோயிலின் மானத்தைக் காப்பதாக எண்ணலாம். உண்மையில் அது குற்றவாளியைக் காவல்துறையின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கிறது. அடுத்த ஊரின் பிள்ளைகளை இடருக்கு உட்படுத்துகிறது.

காலமும் கடமையும்

உரிமையியல் வழக்குக்குக் கால எல்லை உண்டு. 1953ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி இத்தகைய தீங்குக்கு ஆறு ஆண்டுக்குள் வழக்கிட வேண்டும். குழந்தைக்கு அக்கணக்கு 18 வயது நிறைந்த பின்னரே தொடங்கும். ஆகவே பொதுவாக 24 வயதோடு வாயில் மூடப்படுகிறது. ஆஸ்திரேலியா 2013 முதல் 2017 வரை நடத்திய அரச விசாரணை ஆணையத்தின்முன் வந்தவர்கள், தமக்கு நேர்ந்ததை வாய்விட்டுச் சொல்லச் சராசரியாக ஏறத்தாழ 24 ஆண்டுகள் எடுத்துக்கொண்டிருந்தனர். பத்து வயதில் துன்புற்றவர் முப்பத்து நான்கில் பேசுகிறார். அதற்குள் சட்டத்தின் கதவு சாத்திப் பத்தாண்டு ஆகிவிடுகிறது. ஆஸ்திரேலிய மாநிலங்கள் இவ்வெல்லையை நீக்கியமைக்குக் காரணம் இதுவே. மலேசியாவில் குற்றவியல் வழக்குக்கு இத்தகைய எல்லை இல்லை. உரிமையியல் வழக்குக்கு எல்லை நிற்கிறது. சட்டமன்றத்தினர் கருத வேண்டிய இடம் இது.

குற்றவியலில் மலேசியச் சட்டம் வலுவுடையதே. 2017ஆம் ஆண்டுக் குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம், நம்பிக்கைக்குரிய உறவில் இருப்பவர் குற்றம் புரிந்தால் ஐந்தாண்டு வரை கூடுதல் சிறையும் பிரம்படியும் விதிக்கிறது. பிள்ளை யாருடைய கவனிப்பிலோ அதிகாரத்திலோ உள்ளதோ அவர் அவ்வுறவினர் ஆவார். சமய ஆசிரியரும் இதற்கு விலக்கல்லர். குழந்தையின் சாட்சியம் நம்பத்தக்கதாயின், வேறு சான்று துணைநிற்காமலே நீதிமன்றம் அதை ஏற்கலாம். இத்தகைய குற்றத்தைப் பற்றிக் காவல்துறைக்குத் தகவல் தராதவர் எவராயினும் 5,000 ரிங்கிட் வரை அபராதத்துக்கு உரியவர். 2001ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் இக்கடமையை மருத்துவர், குடும்பத்தார், கூலிக்குக் குழந்தை பார்ப்போர் ஆகியோர்மீதே சுமத்தியது. புதிய சட்டம் யாவர்மீதும் சுமத்துகிறது. கோயில் தலைவரும் பங்குத் தந்தையும் பள்ளிவாசல் குழுவினரும் அதில் அடங்குவர்.

இத்தீமை ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரியதன்று. 2024 செப்டம்பரில் சிலாங்கூர், நெகிரி செம்பிலான் மாநிலங்களில், குளோபல் இக்வான் என்னும் வணிக நிறுவனத்தோடு தொடர்புடையவை எனப்பட்ட 20 காப்பகங்களில் காவல்துறையினர் புகுந்து 402 பிள்ளைகளை மீட்டனர். சமய வாழ்வு என்னும் பெயர் வாயிலில் இருந்தால் உள்ளே பார்க்க அயலார் தயங்குகின்றனர் என்பதை அந்நிகழ்ச்சி நாட்டுக்கு உணர்த்தியது. நால்வரோ அதற்கு மேற்பட்டோரோ தங்கும் காப்பகம் 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு நிலையச் சட்டப்படி பதிவு பெற வேண்டும் என்பதை நன்கொடை தருவோரும் அறிந்திருத்தல் நன்று.

பெற்றோரிடம் முறையீடு வரும்போது, தோட்டத்து வழக்கப்படி பெரியவர்கள் கூடிப் பேசித் தீர்க்க முற்படுவது இன்றும் உண்டு. வேலித் தகராற்றுக்கு அவ்வழி பொருந்தும்; இதற்குப் பொருந்தாது. பேசித் தீர்த்தால் குற்றம் தீர்வதில்லை. தகவல் தராத குற்றம் ஒன்று கூடுகிறது. செல்ல வேண்டிய இடம் காவல் நிலையம். தயங்குவோர்க்கு 15999 என்னும் தாலியான் காசே தொலைபேசி உள்ளது.

நிலையத்தைப் பொறுப்பாக்குவது சமயத்தைப் பகைப்பது அன்று. தான் விடை சொல்ல நேரும் என்று அறிந்த நிலையமே ஆளை ஆராய்ந்து அமர்த்தும். வகுப்பின் கதவைத் திறந்து வைக்கும். பிள்ளையோடு ஒருவரைத் தனித்து விடாது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் திருவிழா வரவு செலவை உறுப்பினர் ஒவ்வொரு வரியாகக் கேட்கின்றனர். பிள்ளைகள் யார் பொறுப்பில் இருக்கின்றனர், அவரை ஆராய்ந்தவர் யார் என்ற கேள்வியும் அக்கணக்கோடு சேர்ந்து எழ வேண்டும்.