பேர் போட்ட புத்தகங்கள்

பெரியப்பா விட்டுப்போனவற்றில் எங்கள் வீட்டில் மிஞ்சியிருப்பது ஒரு நீளக் கொப்பி. இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்), குப்பி லாம்பு வெளிச்சத்தில் கோடு போடப்பட்ட கொப்பி. கணக்கப்பிள்ளைமார் கையிலிருக்கும் வருகைப் பதிவேடான செக்ரோலைப் பார்த்து அதே மாதிரி கட்டம் பிரித்திருக்கிறார். இடப்பக்கம் ஆட்களின் பெயர். மேலே, தேதிகள் வரவேண்டிய இடத்தில், புத்தகங்களின் பெயர். வாசித்து முடித்தவருக்கு ஒரு பேர். பாதியில் திருப்பிக் கொடுத்தவருக்கு அரைப் பேர்.

தோட்டத்துக்கு வெளியே வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எங்கள் மலைகளில் 'பேர்' என்றால் ஒரு நாள் உழைப்பு. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போய், மலையேறி, கேட்ட நிறைக்குக் கொழுந்து எடுத்துக் கொடுத்தால் செக்ரோலில் ஒரு பேர் விழும். நிறை குறைந்தால் அரைப் பேர். மாத முடிவில் பேர்களைக் கூட்டித்தான் சம்பளம். அந்தச் சொல்லைத் தூக்கிவந்து புத்தகத்துக்குப் போட்டிருக்கிறார் பெரியப்பா. வாசிப்பையும் உழைப்புக் கணக்கில் சேர்த்தவர் அவர்.

இப்போது டிசம்பர் வந்தால் என் கைத்தொலைபேசி நிறையப் பட்டியல்கள். ஹற்றன், நுவரெலியா, தலவாக்கலைப் பக்கத்து ஆசிரியர்களும் இளைஞர்களும் அந்த வருடம் வாசித்த புத்தகங்களை எழுதிப் பகிர்கிறார்கள். ஒவ்வொன்றையும் ஆசையோடு படிக்கிறேன். இரண்டு மூன்றைக் குறித்தும் வைக்கிறேன். ஆனாலும் கொப்பியை எடுத்துப் பக்கத்தில் வைத்தால் ஒரு வித்தியாசம் உறுத்துகிறது. இன்றைய பட்டியலில் ஒரு ஆள், முப்பது புத்தகம். பெரியப்பாவின் கொப்பியில் ஒரு புத்தகம், பதினேழு ஆள்.

அந்தப் பதினேழு பேரும் எப்படி வந்தார்கள் என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

தோட்டங்களுக்கென்று அச்சான ஆரம்பகாலப் புத்தகங்களில் சில, அங்கே வேலை செய்தவர்கள் வாசிப்பதற்காக எழுதப்பட்டவையே அல்ல. புதிதாக வந்த உதவி மேலாளர்களான சின்னத்துரைமார் ஆட்களை வேலை ஏவுவதற்குத் தமிழ் கற்றுக்கொடுக்கும் கையேடுகள் அவை. ஒன்றின் பெயரே 'இங்கே வா'. வெல்ஸ் என்பவர் 1915இல் வெளியிட்ட இன்னொன்றின் பெயர் 'கூலித்தமிழ்'. அந்தப் பெயரையே தன் நூலுக்குச் சூட்டி, மறந்துபோன இந்த அச்சுலகத்தை 2014இல் திறந்து காட்டினார் மு. நித்தியானந்தன். 1869இலேயே ஆபிரகாம் ஜோசப் எழுதிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' வந்துவிட்டது. அதுவும் தொழிலாளியின் பக்கம் நின்று பாடிய கும்மி அல்ல. ஏவுகிறவனின் கையில் புத்தகமும் ஏவப்படுகிறவனின் கையில் கூடையும் இருந்த காலம் அது.

லயத்துக்குள் புத்தகம் வேறு வழியாக வந்தது. தமிழ்நாட்டு ஊரிலிருந்து வந்தவர்களின் தகரப் பெட்டிக்குள், சென்னையில் பி. இரத்தின நாயகர் அன் சன்ஸ் போன்றவர்கள் அச்சிட்ட பெரிய எழுத்துப் புத்தகங்கள் இருந்தன. அல்லி அரசாணி மாலை, நல்லதங்காள் கதை, மதுரை வீரன் கதை. லயத்தில் எழுத்துத் தெரிந்தவர் ஒருவரோ இருவரோதான். இரவில் ரொட்டியும் தேத்தண்ணியும் முடிந்த பிறகு அவர் லயத்தின் முன் திண்ணையான இஸ்தோப்பில் உட்காருவார். மற்றவர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுற்றி உட்காருவார்கள். வைகாசி முதல் தென்மேற்கு மழை ஹற்றன் பக்கம் விடாமல் அடிக்கும். அந்த மாதங்களில் தகரக் கூரைச் சத்தத்துக்கு மேல் குரலெடுத்து வாசிக்க வேண்டும் என்று அப்பாயி சொல்லிக் கேட்டிருக்கிறேன். நல்லதங்காள் பிள்ளைகளைக் கிணற்றில் போடும் இடம் வரும் இரவில், மழைச் சத்தத்தையும் மீறிப் பெண்களின் அழுகை கேட்குமாம்.

கதை அந்த இரவோடு முடியாது. மறுநாள் கொழுந்து மலையில் ஆளுக்கொரு நிரை. முதல் நாள் இஸ்தோப்புக்கு வர முடியாதவள் பக்கத்து நிரைக்காரியிடம் கேட்பாள். கை கொழுந்தைக் கிள்ளும். வாய் கதை சொல்லும். அடுத்த லயத்துக்காரிக்கும் அதற்கடுத்தவளுக்கும் கதை இப்படியே போகும். நல்லதங்காளின் அண்ணிக்கு எங்கள் தோட்டத்தில் யாரோ ஒரு கங்காணி வீட்டுப் பெண்ணின் குணம் ஏறிவிட்டிருக்கும். எழுத்தைப் பார்த்தே இராத நூறு பேருக்கு அந்தப் புத்தகம் தெரிந்திருக்கும். மாசியில் காமன் கூத்துக்கும் மார்கழியில் பஜனைக்கும் வாத்தியார்மார் கையெழுத்துக் கொப்பிகளை எடுப்பார்கள். வருடம் முழுக்க ஏதோ ஒரு ஏடு திறந்தே கிடந்தது.

கியூபாவில் இதற்கு ஒரு சொந்தக்காரர் உண்டு. ஹவானாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 முதல், வேலை செய்பவர்களுக்கு நடுவே ஒருவர் உயர்ந்த மேடையில் உட்கார்ந்து பத்திரிகையும் நாவலும் வாசித்தார். அவருக்குத் தொழிலாளர்களே தங்கள் கூலியிலிருந்து பணம் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே ஸ்பானிய ஆட்சி அதைத் தடைசெய்தது. காதில் விழும் எழுத்து என்ன செய்யும் என்று ஆட்சியாளருக்குத் தெரிந்திருந்தது. தடையைத் தாண்டியும் அந்த வழக்கம் பிழைத்தது. டூமாவின் நாவலிலிருந்து 'மொண்டெகிறிஸ்டோ' என்ற பெயர் சுருட்டுக்கு வந்தது, அந்தக் கதையைச் சுருட்டுச் சுற்றுபவர்கள் அவ்வளவு விரும்பிக் கேட்டதால்தான் என்பார்கள். எங்கள் மலையில் மேடை போட இடமில்லை. அதனால் கதை ஆளாளாக நடந்து போனது.

நம் துரைமாரும் அதே அச்சத்தோடுதான் இருந்தார்கள். தோட்டம் அவர்களின் தனிச்சொத்து. வெளியாள் கால் வைத்தால் அத்துமீறல் வழக்கு. அந்த வேலிக்குள் எழுத்தைக் கொண்டுபோனவர்கள் கோ. நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சியம்மையும். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த நடேசய்யர் 1920களில் 'தேசநேசன்', 'தேசபக்தன்' பத்திரிகைகளைக் கொழும்பிலிருந்து நடத்தினார். 1931இல் ஹற்றனுக்கே வந்து தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் போனார் என்ற கதை மலையகத்தில் தலைமுறை தாண்டி வருகிறது. துணி மூட்டையை அவிழ்த்தால் லயமே கூடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

எனக்கு இன்னும் பெரியவராகத் தெரிபவர் மீனாட்சியம்மை. வாசிக்கத் தெரியாதவர்களுக்குத் துண்டுப்பிரசுரம் கொடுத்து என்ன பயன் என்று அவர் கைவிடவில்லை. சட்டத்தையும் சம்பளத்தையும் பாட்டாக எழுதி, கூட்டங்களில் தானே முன்னால் நின்று பாடினார். அவருடைய பாடல்கள் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற சிறு நூலாக 1940இல் வந்தன. மெட்டு தெரிந்தால் போதும், ஒருத்தி வாங்கிய புத்தகம் ஒரு தோட்டத்துக்கே மனப்பாடமாகிவிடும். இஸ்தோப்பு வாசிப்பின் இயல்பைப் புரிந்துகொண்டு புத்தகம் செய்தவர் அவர். பின்னாளில் சம்பள நாளன்று கடைத்தெருவில் பாடிக்கொண்டே பாட்டுப் புத்தகம் விற்றவர்கள் எல்லோரும் அந்த வழியில்தான் வந்தார்கள்.

கொப்பியின் முதல் பக்கங்கள் 1960களின் நடுவில் தொடங்குகின்றன. அப்போது லயத்தில் எழுத்துத் தெரிந்தவர்கள் கூடியிருந்தார்கள். 1930இல் சுப்பிரமணியம் செட்டியார் தொடங்கிய 'வீரகேசரி'யில் எஸ்.எம். கார்மேகம் 'தோட்ட மஞ்சரி' பகுதியை நடத்தினார். தோட்டத்துப் பையன்களின் எழுத்து அதில் வந்தது. மலைநாட்டு எழுத்தாளர் மன்றம் சிறுகதைப் போட்டிகள் வைத்தது. பரிசுபெற்ற கதைகள் 1971இல் 'கதைக்கனிகள்' என்று நூலாயின. பெரியப்பாவின் கொப்பியில் அதுவும் ஒரு தலைப்பு. அதன் கீழேதான் பதினேழு பேர்.

என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' 1961இல் 'தினகரன்' பத்திரிகையில் வந்த கதை. ஒரு பெண் ஒரே நாளில் எடுத்த கொழுந்தின் நிறையை மற்றவர்கள் சந்தேகிக்கிறார்கள். அவள் எல்லோர் முன்னிலும் எடுத்துக் காட்டுகிறாள். பத்திரிகை நறுக்காக இருந்த அதைப் பெரியப்பா இஸ்தோப்பில் வாசித்த இரவைப் பற்றி அம்மா பலமுறை சொல்லியிருக்கிறார். கதை முடிந்தவுடன் யாரும் எழுந்து போகவில்லை. அவ்வளவு கொழுந்து வருமா, எந்த மாதம், எப்போது கவ்வாத்து வெட்டிய மலை, முதல் நாள் மழையா என்று பெண்கள் விவாதிக்கத் தொடங்கிவிட்டார்கள். "எங்க மலையில நான் எடுத்திருக்கேன்" என்று அப்பாயி சத்தியம் செய்தாராம். விமர்சகர் கைலாசபதி தினகரனின் ஆசிரியராக இருந்து அரவணைத்த இலக்கியத் தலைமுறையின் கதை அது. எத்தனையோ விமர்சகர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கதையை நிறுத்துப் பார்க்க முழுத் தகுதி உள்ளவர்கள் அன்று எங்கள் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதே என் எண்ணம்.

1970களின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியை அரசு கட்டுப்படுத்தியது. தமிழ்நாட்டுத் தொடர்கதைகள் வராமல் போனது பலருக்குத் துக்கம். அந்த இடைவெளியில் வீரகேசரி மலிவு விலையில் நாவல்களை வெளியிட்டது. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' அதில் மறுபதிப்பாக வந்தது. தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' 1974இல் வந்தது. லயத்துக்காரன் தன் லயத்தையே அச்சில் பார்த்தான். எழுதுகிறவர்களும் அந்த வாசகர்களுக்குள் இருந்தே எழுந்தார்கள். தலவாக்கலைப் பக்கம் பெரிய மல்லிகைப்பூத் தோட்டத்தில் பிறந்த மல்லிகை சி. குமார் தோட்டத்தின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார்.

கொப்பியில் அந்த வருடங்களில் ஒரு புதுக் குறி தோன்றுகிறது. பெயருக்கு நேரே ஒரு சிறு கப்பல். 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை கொடுக்கவும் கணக்குப் போட்டது. கணக்கு எங்கள் லயத்துக்கு வந்தபோது, புத்தகத்தைப் பாதியில் வைத்திருந்தவர்கள் கோச்சியேறி (ரயிலேறி), கப்பலுக்காகத் தலைமன்னாருக்குப் போனார்கள். கப்பல் போட்ட பெயர்களுக்கு நேரே எத்தனை அரைப் பேர்! மீதிக் கதையைக் கோத்தகிரியிலோ கூடலூரிலோ அவர்களுக்கு யார் சொன்னார்களோ.

இன்றைய நிலைமைக்கு வருகிறேன். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. தமிழ்நாட்டிலிருந்து வரும் ஒரு தடித்த நாவலை ஹற்றன் கடையில் வாங்க அப்போது அது போதவில்லை. அக்டோபர் வந்தால் தேசிய வாசிப்பு மாதம். பதாகை, பேச்சுப்போட்டி, பரிசு. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன், அந்தப் பரிசில்தான் சில பிள்ளைகளுக்கு முதல் சொந்தப் புத்தகம் கிடைக்கிறது. என் கவலை மற்றப் பதினொரு மாதங்களைப் பற்றியது. ஒரு பிள்ளை பங்குனியில் வாசித்ததைச் சித்திரையில் யாரிடம் சொல்லும்? லயத்து இஸ்தோப்பில் இப்போது தொலைக்காட்சிச் சத்தம். உள்ளே ஆளுக்கொரு தொலைபேசி.

அதே தொலைபேசியில் நல்லதும் இருக்கிறது. 2005இல் தொடங்கிய நூலக நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் மலையகப் புத்தகங்களும் பழைய சஞ்சிகைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. போன வருடம் எங்கள் பக்கத்து லயத்துப் பெண்ணொருத்திக்கு அங்கிருந்து ஒரு சிறுகதைத் தொகுப்பை எடுத்துக் கொடுத்தேன். கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். தோழிகளோடு தங்கும் அறையில் இரவில் ஒரு கதையைச் சத்தமாக வாசித்து, குரலைப் பதிந்து, தோட்டத்திலிருக்கும் தன் தாய்க்கு அனுப்புகிறாள். தாய் காலையில் ரொட்டி தட்டும்போது கேட்கிறார். மலைக்குப் போய்ச் சொல்கிறார். அந்தத் தாயிடம் பேசியபோது, தன் மகள் அனுப்பிய கதைகள் இதுவரை பதினொன்று என்று தலைப்பு மாறாமல் வரிசையாகச் சொன்னார். எந்தக் கதை யாருக்குப் பிடித்தது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. பட்டியல் என்று நான் மதிப்பது அதைத்தான்.

பெரியப்பாவும் 1976இல் கப்பலேறிப் போனார். எழுதுகிற வழக்கம் உள்ளவர் என்றாலும் ஊரிலிருந்து இரண்டே கடிதங்கள்தான் வந்தன. புத்தகங்களை யாருக்கும் விற்கவில்லை. யாரிடம் எது இருந்ததோ அவரிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். கொப்பியை மட்டும் அம்மாவிடம் கொடுத்தார். கடைசிப் பக்கத்தில் 'காலங்கள் சாவதில்லை'க்குக் கீழே எட்டுப் பெயர்கள். எட்டாவது, என் அம்மாவுடையது. நேரே ஒரு முழுப் பேர்.

அம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. சம்பளப் புத்தகத்தில் கடைசிவரை பெருவிரல்தான் வைத்தார். அந்தக் கட்டத்தைக் காட்டி, "பெரியப்பா தப்பாப் போட்டிருக்காரும்மா" என்று சின்ன வயதில் நான் சொன்னபோது அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பதிமூணு ராத்திரி ஒக்காந்து கேட்டேன்டா" என்றார்.