சல்லடை மேல் ஒரு விடுதி

சும்பே தீவில் கிணறு இல்லை, குடிநீர்க் குழாய் இல்லை, மின்கம்பம் இல்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில், சான்சிபாரின் ஸ்டோன் டவுனிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் கிடக்கும் பவளப்பாறைத் துண்டு அது. 1904-ல் எழுப்பிய ஒரு கலங்கரை விளக்கம், ஒரு சின்னப் பள்ளிவாசல், மீதியெல்லாம் புதர்க்காடு. அங்கேதான் 1998 முதல் ஏழே ஏழு குடில்களோடு ஒரு விடுதி நடக்கிறது.

விடுதி நடத்த ஆசைப்பட்டு யாரும் இந்தத் தீவைத் தேடிப் போகவில்லை. தீவை ஒட்டியிருக்கும் பவளத்திட்டைக் காப்பாற்ற வேண்டும், காவலுக்குச் சம்பளம் வேண்டும், அதற்குப் பணம் வரவேண்டும். அதற்காக வந்தது விடுதி. 1991-ல் இந்த வேலையைத் தொடங்கியவர் சிபில் ரீட்மில்லர் என்ற ஜெர்மானியப் பெண்மணி. பக்கத்தில் ராணுவப் பகுதி, கப்பல்கள் போகும் வழி என்பதால் மீனவர்களை அந்தப் பக்கம் அதிகம் விடவில்லை. அதனால் பவளம் அதுவரை பிழைத்துக் கிடந்தது.

சும்பேயின் தரை முழுக்கப் பழைய பவளம். பார்க்கக் கல், உள்ளே சல்லடை. மேலே எதை ஊற்றினாலும் அது கசிந்து கடலுக்குப் போய்விடும். நம் ஊரில் செய்வதுபோல் செப்டிக் டேங்க் கட்டி வைத்தால், விருந்தாளிகளின் கழிவு கடலில் கலந்து பாசிக்கு உரமாகும். பாசி மண்டினால் பவளத்துக்கு மூச்சுமுட்டும். எதைப் பார்க்க ஆட்கள் வருகிறார்களோ அதை வந்தவர்களின் கழிவறையே கொன்றுவிடும்.

ஆகவே அங்கே தண்ணீர் ஊற்றாத கழிவறைதான். போய்விட்டு வந்ததும் மட்கிய இலைதழையை ஒரு கை அள்ளிப் போட வேண்டும். கீழ் அறையில் கிடந்து அது எருவாகிறது. ஓர் இரவுக்கு நூற்றுக்கணக்கான டாலர் கொடுத்துவிட்டு இலைதழை அள்ளிப் போடும் மனிதர்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, மரியாதையும் வருகிறது. குளித்த தண்ணீரையும் சும்மா விடுவதில்லை. அது கசியாத பாத்திகளுக்குப் போகிறது. சோப்பு நீரில் உள்ள நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அங்குள்ள செடிகள் உறிஞ்சிக்கொள்கின்றன.

குளிக்கத் தண்ணீர் எங்கிருந்து? வானத்திலிருந்துதான். அகன்ற கூரையில் விழும் மழை, வடிகட்டி வழியாகத் தரைக்கடியில் இருக்கும் தொட்டியில் இறங்குகிறது. அதைக் கைப்பம்பால் மேலேற்றுகிறார்கள். வெயில் சூடாக்கித் தருகிறது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரைக்கு ஆண்டில் 1,500 மி.மீ. கிடைத்தால் ஒன்றரை லட்சம் லிட்டர். கேட்க நிறையத்தான் இருக்கிறது. ஆனால் அது கொட்டுவதோ நெடுமழைக் காலத்தில், கடல் கொந்தளித்து விடுதியை மூடிவைத்திருக்கும் வாரங்களில். விருந்தாளி வருவது வறண்ட மாதங்களில். இடைப்பட்ட நாட்களைத் தள்ள வேண்டியது தொட்டியின் பொறுப்பு. எட்டாவது குடில் கட்ட வேண்டுமென்றால் இன்னொரு கூரையும் இன்னொரு தொட்டியும் வேண்டும், இன்னொரு குடும்பத்தின் கழிவுக்கு இடமும் வேண்டும். வாடகை நன்றாக வருகிறதே என்று அறைகளைப் பெருக்கிக்கொண்டே போக இந்தத் தீவு இடம் கொடுக்காது.

மின்சாரம் சூரியத் தகடுகளிலிருந்து, விளக்கெரிய. ஏசி கிடையாது. மாடியில் படுக்கை, அதன் முன்சுவரைக் கயிற்றால் இறக்கினால் கடற்காற்று உள்ளே வரும். பாதைகளில் விளக்கு வைப்பதில்லை, இரவில் டார்ச்சோடுதான் நடக்க வேண்டும். அந்த நேரம்தான் தென்னை நண்டுகள் வெளியே வரும். தரையில் வாழும் நண்டினத்தில் இதுதான் மிகப் பெரியது, நான்கு கிலோ வரை கனக்கும். காலைப் பார்த்து வைப்பது இரு தரப்புக்கும் நல்லது.

இதையெல்லாம் எழுதப் பத்து நிமிடம். கட்டி முடிக்க? ஓராண்டு என்று போட்ட திட்டம் நான்கு ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. அனுமதிக்கு அலைந்த அலைச்சல் ஒரு பக்கம், சிமெண்ட் முதல் ஆணி வரை படகில் வர வேண்டிய பாடு ஒரு பக்கம். செலவு நான்கு மடங்கானது. இதற்கு நடுவே 1994-ல் சான்சிபார் அரசு பவளத்திட்டில் மீன்பிடிப்பைத் தடைசெய்து அதைக் காப்பகமாக அறிவித்தது.

தடை போட்டால் போதுமா? அக்கம்பக்கத்து மீனவர்களையே காவலர்களாக எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். கையில் ஆயுதம் இல்லை. வலையோடு வருகிறவரிடம் படகை ஒட்டி நிறுத்திப் பேசுவார்கள். இங்கே குஞ்சு பெருகினால் வெளியே உன் வலையில்தான் விழும் என்று எடுத்துச் சொல்வார்கள். சொல்பவரும் நேற்றுவரை வலை வீசியவர் என்பதால் அந்தப் பேச்சு எடுபடுகிறது. உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளையும் அழைத்துவந்து கண்ணாடி மாட்டிக் கடலுக்குள் பவளத்தைக் காட்டுகிறார்கள். அதற்கான செலவும் விடுதி வருமானத்திலிருந்துதான்.

பவளம் போனால் தீவும் போகும் என்பது நமக்குத் தெரியாததல்ல. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டியே 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் மூழ்கின.

சும்பேயால் முடியாததும் உண்டு. இந்தியப் பெருங்கடல் 1998-லும் 2016-லும் சூடேறியபோது பவளங்கள் வெளுத்தன. எவ்வளவு கவனமாகக் கழிவறை கட்டினாலும் கடலின் சூட்டைத் தணிக்க முடியாது. 2020-ல் கொரோனா வந்து விருந்தாளிகள் நின்றபோது, காவலுக்குப் பணம் தரும் ஒரே ஊற்று விடுதிதான் என்ற ஏற்பாட்டின் பலவீனமும் தெரிந்தது.

மலைமேலும் கடலோரமும் இன்று 'ஈகோ' பலகை மாட்டாத விடுதியைத் தேட வேண்டியிருக்கிறது. மூங்கில் நாற்காலியையும் கூரைமேல் தகட்டையும் படம் எடுத்துப் போட்டிருப்பார்கள். அறை பதிவு செய்யும்முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் கழிவறைத் தண்ணீர் எங்கே போகிறது?