சாவியைக் கொடுத்தது நான்தான்!

"டேய், ஓடிப் போய் ஒரு தயிர் பாக்கெட் வாங்கிட்டு வாடா!"

பெரிய பெரிய யுத்தங்கள் எல்லாம் சின்ன விஷயத்தில்தான் ஆரம்பிக்கும் என்று எங்கள் சரித்திர வாத்தியார் சொல்வார். எங்கள் வீட்டு யுத்தம் தயிர் பாக்கெட்டில் ஆரம்பித்தது.

சென்னை நங்கநல்லூரில் எங்கள் வீட்டிலிருந்து கடைக்கு நடந்தால் நாலு நிமிஷம். எட்டாம் வகுப்புப் படிக்கும் என் புத்திர சிகாமணிக்கு நடப்பது என்றால் வேப்பங்காய். "ஸ்கூட்டர் குடுத்தா போறேன்" என்றான். ஞாயிற்றுக்கிழமை காலை. என் மடியில் பேப்பர், கையில் காபி. எழுந்து போக எனக்கும் சோம்பல்.

"ஹார்ன் அடிச்சுக்கிட்டு மெதுவா போ" என்று பெரிய மனுஷத் தோரணையில் புத்திமதி சொல்லி, சாவியைத் தூக்கிப் போட்டேன். லாவகமாகப் பிடித்தான்.

"ஏங்க, அவனுக்குப் பதிமூணு வயசு!" என்றாள் என் சகதர்மிணி, சமையலறையிலிருந்து.

"இதோ இருக்கிற கடைதானே? நான் அந்த வயசுல..." என்று ஆரம்பித்தேன்.

உண்மைதான். 1980-ல் வந்த டி.வி.எஸ். 50, எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது எனக்குப் பதினாலு வயது. அப்பா தூங்கும் நேரம் பார்த்து, தெருக்கோடி வரை தள்ளிக்கொண்டு போய், அங்கே பெடலை மிதித்துக் கிளப்புவேன். ஆனால் ஒரு வித்தியாசம் பாருங்கள். நான் அப்பாவுக்குத் தெரியாமல் ஓட்டினேன். என் பையனுக்கு அப்பாவே குரு! மைதானத்தில் வைத்து இரண்டே நாளில் கற்றுக் கொடுத்தேன். அதை வீடியோ எடுத்து குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். பதினேழு பேர் கட்டை விரல் காட்டினார்கள். கோயம்புத்தூர் சித்தப்பா மட்டும், "ஹெல்மெட் எங்கே?" என்று கேட்டார். அவருக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, தயிருக்கு வருகிறேன்.

பத்து நிமிஷம் ஆயிற்று. பையன் வரவில்லை. வாட்ச்மேன்தான் ஓடி வந்தார். "சார், தம்பி கீரைக்காரம்மாவை இடிச்சிடுச்சு!"

காபி டம்ளர் எங்கே போயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தெருத் திருப்பத்தில் ஒரு கார் நின்றிருந்தது. அதன் மறைவிலிருந்து, கூடையைத் தலையில் வைத்தபடி கீரைக்காரம்மா வெளியே வந்திருக்கிறார். அவரைப் பார்த்ததும் பையன் பயந்துவிட்டான். பயந்த கை என்ன செய்யும்? கிடைத்ததை இறுக்கிப் பிடிக்கும். வலது கையில் இருந்தது ஆக்ஸிலேட்டர். கியர் இல்லாத வண்டி, நிற்பதற்குப் பதிலாகச் சீறிப் பாய்ந்துவிட்டது.

நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி. ஓட்டியவன் நாற்பது கிலோ. உட்கார்ந்தால் இரண்டு காலும் முழுசாகத் தரையில் படாது. இந்தக் கணக்கு எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

பையனுக்கு முழங்காலில் சிராய்ப்பு. அந்த அம்மாவுக்கு இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. பதினைந்து வருஷமாக எங்கள் தெருவில் முளைக்கீரையும் அரைக்கீரையும் விற்பவர். ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மாவுக்கட்டு போட்டார்கள். ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது, அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் பாரம் தூக்கக் கூடாது என்றார் டாக்டர்.

'செலவு முழுக்க நான் பார்த்துக்கறேம்மா' என்று சொல்லத் தயாராக இருந்தேன். திட்டுவார், அழுவார் என்றும் எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"ரெண்டு மாசம் கூடை தூக்கக் கூடாதுன்றாங்களே சார்... தண்டல்காரனுக்கு யாரு கட்டுறது?"

தினசரி கட்டும் கடன். கீரை விற்றால்தான் தவணை. ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றி மட்டுமே யோசித்திருந்த எனக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. தண்டலையும் வீட்டுச் செலவையும் இரண்டு மாதம் கொடுத்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. கொடுக்காமல் இருந்திருந்தால் வீட்டில் எனக்குச் சோறு கிடைத்திருக்காது!

அடுத்த ஞாயிறு எங்கள் தெருவாசிகள் கூட்டம். கூடியவர்கள் இருபது பேர்; பேசியவர்கள் இருபத்தைந்து பேர்!

"உங்க பையன் ஓட்டறது மோசம் சார். என் பொண்ணு ரொம்பப் பொறுப்பா ஓட்டுவா" என்றார் ஒருவர். பொண்ணு ஒன்பதாம் வகுப்பு. "தெருவுக்கு நாலு ஸ்பீடு பிரேக்கர் போடணும்" என்றார் இன்னொருவர். ரொம்ப ஆவேசமாகப் பேசியவர் யார் தெரியுமா? திருப்பத்தில் கார் நிறுத்தியிருந்தாரே, அவரேதான்!

ரிட்டயர்டு அதிகாரி ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். எல்லோரும் மூச்சு வாங்கிய நேரம் பார்த்து எழுந்தார்.

"ஸ்பீடு பிரேக்கர் நம்ம இஷ்டத்துக்குப் போட முடியாது. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் அளவு சொல்லியிருக்கு. பத்து சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். நீங்க நினைக்கிற மாதிரி தோசைக்கல் சைஸுக்குப் போட்டா, வேகம் குறையாது, முதுகெலும்புதான் குறையும்" என்றார்.

பிறகு சட்டத்துக்கு வந்தார். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி பொது இடத்தில் வண்டி ஓட்ட 18 வயது ஆகியிருக்க வேண்டும். 50 சி.சி.க்கு மிகாத வண்டி என்றால் 16 வயதில் லைசென்ஸ் வாங்கி ஓட்டலாம். இன்று நம் வீட்டு வாசல்களில் நிற்கும் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் நூறு சி.சி.யைத் தாண்டியவை. ஆக, ப்ளஸ் டூ பையனுக்கும் அந்தச் சலுகை உதவாது.

2019 செப்டம்பர் 1 முதல் 199-ஏ என்று புதுப் பிரிவு வந்திருக்கிறது. 18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றவரோ வண்டிக்காரரோதான் குற்றவாளி. மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

"எனக்குத் தெரியாம எடுத்துட்டான்னு சொன்னா?" என்று கேட்டார் பொறுப்பான பொண்ணின் அப்பா.

"அதை நீங்கதான் நிரூபிக்கணும். இன்ஷூரன்ஸ் கம்பெனியும், அடிபட்டவங்களுக்குக் கொடுத்த நஷ்ட ஈட்டை உங்ககிட்டேயே திருப்பி வசூல் பண்ணலாம்."

சபையில் பேரமைதி. எனக்கு மட்டும் அந்த வாட்ஸ்அப் வீடியோ ஞாபகம் வந்து வியர்த்தது. சாட்சியை நானே அல்லவா பதினேழு பேருக்கு அனுப்பி வைத்திருக்கிறேன்!

"எங்க வீட்டுல பேட்டரி வண்டி. அதுக்கு லைசென்ஸே வேண்டாமே?" என்றார் ஓர் அம்மா. பாதி சரி. மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்கும், வேகம் 25 கிலோமீட்டருக்கும், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கும் உள்ளே இருந்தால், சட்டம் அதை மோட்டார் வண்டியாகவே கருதாது. ஆனால் 25 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு ஏழு மீட்டர். 'ஐயோ' என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு வீட்டு வாசலைத் தாண்டிவிடும். போதாக்குறைக்குச் சத்தமும் வராது. முன்னால் நடக்கும் தாத்தாவுக்கு எப்படித் தெரியும்? சட்டம் விட்டாலும் அவர் மணிக்கட்டு விடுமா?

கடைசியில் மூன்று தீர்மானம். பிள்ளைகள் கையில் சாவி இல்லை. திருப்பத்தில் பதினைந்து அடிக்கு யாரும் கார் நிறுத்துவதில்லை. தயிர், கொத்துமல்லி, ரீசார்ஜ் எதுவானாலும் பிள்ளைகள் நடந்தோ சைக்கிளிலோ போவார்கள். இல்லையென்றால் பெற்றவர்கள் எழுந்து போவார்கள். மூன்றாவதுதான் ரொம்பக் கஷ்டம். பிள்ளைகளுக்கு இல்லை, நமக்கு!

யோசித்துப் பார்த்தால், எந்தக் குழந்தையும் கடைக்குப் போய் ஸ்கூட்டர் வாங்குவதில்லை. நாம் வாங்குகிறோம், நாம் கற்றுக் கொடுக்கிறோம், நம் சோம்பலுக்காக அனுப்புகிறோம். இடித்த பிறகு, "இந்தக் காலத்துப் பசங்க..." என்று ஆரம்பிக்கிறோம்.

சாவி இப்போது பீரோவில், நகைப்பெட்டிக்குப் பக்கத்தில். என் பையன் இரண்டு நாள் பேசவே இல்லை. பிறகு அவனாகவே ஒரு வேலையை எடுத்துக்கொண்டான். கட்டுப் பிரித்து கீரைக்காரம்மா வியாபாரத்துக்குத் திரும்பியதிலிருந்து, காலையில் நடந்து போய் அவரிடம் கீரை வாங்கி வருகிறான். வாரத்தில் ஐந்து நாள் எங்கள் வீட்டில் கீரை மசியல். நான் வாயைத் திறப்பதில்லை.

ஏன் நடந்து போகிறான் என்கிறீர்களா? அந்த அம்மா முன்போல் எங்கள் தெருவுக்குள் வருவதில்லை. மெயின் ரோட்டு ஓரத்தில் கூடையை இறக்கி உட்கார்ந்துவிடுகிறார். போன வாரம் ஆபீஸ் போகும்போது பார்த்தேன். பின்னால் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் சட்டென்று கூடையை அணைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

ஸ்கூட்டரில் வந்தவன் நான்தான்.