‘இயங்குகிறது’ என்னும் சொல்: அகராதி வழங்கிகளின் கண்காணிப்பும் தானியங்கு மறுதொடக்கமும்

அகராதிகளும் சொற்றொகைகளும் பல, இன்று மேகக்கணிமை நிறுவனங்களிடம் வாடகைக்குப் பெற்ற சிறு வழங்கிகளின் வாயிலாகவே ஆய்வாளரை வந்தடைகின்றன. இத்தகைய வழங்கியின் நினைவகம் 512 மெகாபைட் அல்லது 1 கிகாபைட் அளவினதாகவே இருக்கும். தேடுநிரல், தரவுத்தளம், வலைவழங்கி ஆகிய மூன்றும் இவ்வளவிற்குள் அடங்கியாக வேண்டும். நினைவகம் தீர்ந்துபோகுமானால், லினக்ஸ் இயக்குதளத்தின் கருநிரல், பெரும்பாலும் மிகுதியான நினைவகத்தைப் பற்றியிருக்கும் நிரலைத் தேர்ந்து நிறுத்திவிடும். அது தரவுத்தளமாக அமையின் அகராதியின் முகப்புப் பக்கம் தெரியும். சொல்லைத் தேடினால் விடை வாராது. நள்ளிரவில் நேரும் இந்நிலையைக் காலையில் ஒருவர் கண்டு சொல்லும்வரை காத்திராமல், நிரலைக் கண்காணித்துத் தானே மீண்டும் எழச் செய்வதே தானியங்கு மறுதொடக்கம் எனப்படுகிறது.

கண்காணிப்புக் கருவிகள் தரும் செய்திகளுள் முதன்மையானது ‘இயங்குகிறது’ என்பதாகும். இது மொழிபெயர்ப்பாளரை மயக்கவல்ல சொல். லினக்ஸில் பரவலாக வழங்கும் சிஸ்டம்டி (2010) இச்செய்தியைத் தரும்போது, நிரல் நிறுத்தப்படாமல் இருக்கிறது என்பதையே பொதுவாக உணர்த்துகிறது. நிரல் தன் பணியைச் செய்கிறதா என்பது அதில் அடங்காது. செக்கு சுற்றுவது வேறு, எண்ணெய் இறங்குவது வேறு. தமிழில் ‘இயங்குகிறது’ என்ற ஒரே வினைமுற்று இவ்விரண்டையும் குறிக்கும். குபர்னெட்டீஸ் என்னும் மென்பொருளோ இவற்றைத் தனித்தனிச் சோதனைகளாகப் பிரித்துள்ளது. முதற்சோதனை தவறினால் நிரல் மறுதொடக்கம் செய்யப்படும். இரண்டாவது தவறினால் மறுதொடக்கம் இல்லை, பயனர் வேண்டுகோள்கள் அந்நிரலுக்கு அனுப்பப்படாமல் நிறுத்தப்படும், அவ்வளவே. எனவே முன்னதை ‘உயிர்ப்பு’ எனவும் பின்னதை ‘ஆயத்தநிலை’ எனவும் வேறுபடுத்துவது தகும். இரண்டையும் ஒரே சொல்லால் பெயர்த்தால், கையேட்டைப் பின்பற்றுபவர் தேவையற்ற இடத்தில் மறுதொடக்கத்தை அமைத்துவிடுவார்.

மறுதொடக்கத்திற்கு ஓர் எல்லை உண்டு. சிஸ்டம்டியின் இயல்பு அமைப்பில் 10 வினாடிகளுக்குள் 5 தொடக்கங்களுக்கே இடமுண்டு. அதற்குமேல் அது முயற்சியைக் கைவிடும். தொடக்கங்களுக்கு இடைப்பட்ட இயல்பு இடைவெளியோ 100 மில்லி வினாடிகள் மட்டுமே. எழுந்தவுடன் வீழும் நிரலொன்று ஐந்து வாய்ப்புகளையும் கண்ணிமைக்கும் பொழுதில் இழந்துவிட்டு, விடியும்வரை கிடக்கும். தரவுத்தளம் ஆயத்தமாக அரை நிமிடம் ஆகும் சிறு வழங்கிகளில் இது எளிதில் நேரக்கூடியது. இடைவெளியை 10 வினாடிகளுக்கு மேல் உயர்த்தினால் அவ்வெல்லை குறுக்கிடுவதில்லை.

இனி, மொழித்துறையினர் சிறப்பாகக் கருதத்தக்க இடர் ஒன்று உண்டு. நிரலை ஒருவர் தம் முனையத்திலிருந்து தொடங்குகையில் அவருடைய மொழிச்சூழலையும் அது பெற்றுக்கொள்கிறது. கால அட்டவணைப்படி பணிகளைத் தொடங்கும் கிரான் நிரலின் வழி நேரே தொடங்கப்படுகையில் அச்சூழல் கிடைக்காமற் போகலாம். ஜாவாவின் 18ஆம் பதிப்பு (2022) யு.டி.எஃப்-8ஐ இயல்புக் குறியேற்றமாக்கியது. அதற்கு முந்தைய பதிப்புகளில் இயங்கும் தேடுநிரல், குறியேற்றம் வெளிப்படையாகக் கூறப்படாவிடில், மொழிச்சூழலையே சார்ந்திருக்கும். அச்சூழலின்றி எழுப்பப்பட்ட நிரல் தமிழ்ச்சொற்களை வினாக்குறிகளின் வரிசையாக வெளியிடக்கூடும். ஆயினும் வழங்கி ‘வெற்றி’ எனப் பொருள்படும் 200 என்ற குறியெண்ணையே அனுப்பும். நிரல் உயிர்ப்புடன் உள்ளது, ஆயத்தமாகவும் உள்ளது; அகராதிதான் இல்லை. கருவியின் பார்வையில் குறையேதும் இன்மையின் இது பல நாள் கவனிக்கப்படாமல் நீடிக்கவும் கூடும். மறுதொடக்கமே விளைவித்த இக்குறையை மறுதொடக்கம் தீர்க்காது. மொழிச்சூழல் நிரலின் அமைப்புக் கோப்பிலேயே எழுதப்படல் வேண்டும்.

ஆகவே குறியெண்ணை மட்டும் நோக்கும் சோதனை அகராதிக்குப் போதாது. ஒரு சொல்லைத் தேடி, விடையில் எதிர்பார்த்த தமிழ்த்தொடர் உள்ளதா என ஒப்பிடுவதே தக்கது. சோதனைச் சொல்லைத் தேர்வதிலும் மொழியறிவுக்கு இடமுண்டு. ‘படம்’ என்பதைவிட ‘கொடி’ சிறந்தது. ஒகர உயிர்க்குறி ஒருங்குறியில் ஒரே குறியீடாகவும், ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறியீடுகளாகவும் எழுதப்படலாம். திரையில் இரண்டும் ஒன்றே. இவற்றை நிகர்ப்படுத்தாத தேடுநிரல் ஒரு வடிவில் சொல்லைக் கண்டு மறுவடிவில் ‘இல்லை’ என்று விடைதரும். இரு வடிவங்களையும் சோதித்தல் நலம்.

இச்சோதனை வேறொரு கணிப்பொறியிலிருந்து நிகழ வேண்டும். வழங்கி முழுதும் நின்றுபோனால் அதனுள் இருக்கும் கண்காணிப்பு நிரலும் உடன் நின்றுவிடும். விடையே வாராதபோது மறுதொடக்கம், விடை வந்தும் தமிழ் பிழைபட்டிருப்பின் பொறுப்பாளருக்கு மின்னஞ்சல் என இரு வினைகளையும் பிரித்து அமைத்தல் வேண்டும். இரண்டாவதைப் பெறுபவர் தமிழ் படிக்கத் தெரிந்தவராக இருத்தல் இன்றியமையாதது.