மகிழுந்து குளிரூட்டிப் பழுதறிதல்

மகிழுந்து குளிரூட்டிப் பழுதறிதல் என்பது காரின் ஏசி போதிய குளிர்ச்சி தராதபோது அதன் காரணத்தைப் படிப்படியாகக் கண்டறிவதாகும். பெரும்பாலான பழுதுகள் காற்றோட்டம், மின்னமைப்பு, குளிர்பதனச் சுற்று ஆகிய மூன்றில் ஒன்றில் ஏற்படுகின்றன. முதல் இரண்டையும் எளிய கருவிகளைக் கொண்டு வீட்டிலேயே சோதிக்கலாம். மூன்றாவதைப் பணிமனையில்தான் சரிசெய்ய வேண்டும். குளிர்ச்சி குறைந்ததும் 'கேஸ் தீர்ந்துவிட்டது' என எண்ணி வாயுவை நிரப்புவது பரவலான வழக்கம். ஆனால் பெட்ரோலைப் போல இந்த வாயு செலவாவதில்லை. அது வெகுவாகக் குறைந்திருந்தால், எங்கோ கசிகிறது என்றே பொருள்.

இயங்கும் முறை

குளிரூட்டி குளிரை உருவாக்குவதில்லை. காரின் உள்ளே உள்ள வெப்பத்தை வெளியே கடத்துகிறது. எஞ்சினின் பெல்ட்டால் சுழலும் கம்ப்ரசர் (அமுக்கி), குளிர்பதன வாயுவை அழுத்திச் சூடாக்குகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள கண்டென்சரில் (ஒடுக்கி) அந்த வாயு வெப்பத்தை இழந்து நீர்மமாகிறது. பிறகு விரிவு வால்வின் குறுகிய துளை வழியே செல்லும்போது அதன் அழுத்தம் திடீரெனக் குறைகிறது. டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் (ஆவியாக்கி) அது ஆவியாகி, உள்காற்றின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. காற்றிலுள்ள ஈரம் அங்கே நீராகி, குழாய் வழியே வெளியேறுகிறது. எனவே ஏசி ஓடும் காரின் அடியில் தெளிந்த நீர் சொட்டுவது பழுதன்று.

வீட்டில் செய்யத்தக்க சோதனைகள்

காரைத் திறந்த வெளியில் நிறுத்தி, கை பிரேக்கைப் போட்ட பிறகே சோதிக்க வேண்டும். மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிருக்கு ஆபத்து நேரலாம். துப்பட்டா, தளர்ந்த சட்டைக் கை போன்றவை பெல்ட்டில் சிக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். எஞ்சின் அணைந்திருந்தாலும் ரேடியேட்டர் விசிறி திடீரெனச் சுழலக்கூடும்.

1. காற்றின் அளவு: காற்றே வரவில்லை எனில் ஃபியூஸ், புளோயர் மோட்டார் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். உச்ச வேகத்தில் மட்டும் காற்று வந்தால், பெரும்பாலும் புளோயரின் ரெசிஸ்டர் பழுதாகியிருக்கும். எல்லா வேகங்களிலும் காற்று மெலிந்து வந்தால், கேபின் ஃபில்டரில் தூசி அடைத்திருக்கலாம். பல கார்களில் இது கிளவ் பாக்சுக்குப் பின்னால் இருக்கும். சில நிமிடங்களில் மாற்றிவிடலாம்.

2. காற்றின் வெப்பநிலை: உள்காற்றுச் சுழற்சியை இயக்கி, குளிர்ச்சியை முழு அளவில் வைத்து, நடுத் துவாரத்தில் வெப்பமானியைச் செருக வேண்டும். சில நிமிடங்களில் அது ஏறத்தாழ 4 முதல் 10 பாகை செல்சியசு காட்டினால் குளிரூட்டி நலமாக உள்ளது. புழுக்கமான கோடை நாளில் இது சில பாகைகள் கூடுதலாக இருப்பது இயல்பு.

3. கம்ப்ரசர் கிளட்ச்: ஏசியை இயக்கியதும் 'டக்' என்ற ஒலியுடன் கம்ப்ரசரின் முன்தகடு புல்லியோடு சேர்ந்து சுழல வேண்டும். சுழலவில்லை எனில் ஃபியூசையும் ரிலேவையும் சோதிக்கலாம். அதே வகை ரிலே ஹாரனுக்கும் இருந்தால், இரண்டையும் இடம் மாற்றிப் பார்ப்பது எளிய வழி. சில புதிய கார்களில் கிளட்ச் இல்லாத கம்ப்ரசர் இருப்பதால் அவற்றுக்கு இச்சோதனை பொருந்தாது.

4. கண்டென்சரும் விசிறியும்: ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றதும் குளிர்ச்சி குறைந்தால், விசிறி சுழல்கிறதா எனப் பார்க்க வேண்டும். கண்டென்சரில் படிந்த சேறு, பூச்சிகள் ஆகியவற்றை எஞ்சின் ஆறிய பின் மென்மையாக நீர் விட்டுக் கழுவலாம். நீரை மிகுந்த விசையோடு பீய்ச்சினால் அதன் மெல்லிய தகடுகள் வளைந்துவிடும்.

5. நீரும் நாற்றமும்: முன்னிருக்கையின் கால்மிதி நனைந்தால் நீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம். பூஞ்சை நாற்றம் ஈரமான காயிலிலிருந்தோ பழைய ஃபில்டரிலிருந்தோ வரும்.

6. எண்ணெய்க் கறை: கம்ப்ரசருக்கான எண்ணெய் வாயுவோடு கலந்தே சுற்றி வருகிறது. ஆகவே குழாய் இணைப்புகளில் எண்ணெய்ப் பசை தென்பட்டால் அங்கே கசிவு இருக்கக்கூடும்.

வீட்டில் செய்யக் கூடாதவை

வாயு குறைந்தால் அழுத்த உணரி கிளட்சை இணையவிடாது. இது கம்ப்ரசரைக் காக்கும் ஏற்பாடு. இதைத் தவிர்க்க நேரடியாக ஒயர் கொடுத்து இயக்கினால், எண்ணெய் சுற்றாமல் கம்ப்ரசர் தேய்ந்து பழுதாகும். குறைந்த செலவில் முடிய வேண்டிய பழுது இவ்வாறு பெருஞ்செலவாகிறது.

குழாய்களைக் கழற்றுவதும் ஆபத்தானது. ஆர்-134ஏ வாயு வளிமண்டல அழுத்தத்தில் −26 பாகை செல்சியசில் கொதிப்பதால், அதன் நீர்மம் பட்டால் தோலும் கண்ணும் உறைந்து புண்ணாகும். 100 ஆண்டுக் கணக்கில் இது கரியமில வாயுவைப் போல் 1,430 மடங்கு புவியை வெப்பமாக்கும் என மதிப்பிடப்பட்டுள்ளது. 2016-இன் கிகாலி திருத்தத்தின்படி உலக நாடுகள் இத்தகைய வாயுக்களின் பயன்பாட்டைக் குறைத்து வருகின்றன. இதற்கு மாற்றாகச் சமையல் எரிவாயுவை நிரப்புவது தீவிபத்துக்கு வழிவகுக்கும்.

பணிமனையில் முதலில் கசிவை அடைப்பர். அடுத்து வெற்றிட பம்பால் காற்றையும் ஈரத்தையும் அகற்றுவர். அதன் பிறகே, பானட்டின் அடியில் உள்ள வில்லையில் குறித்துள்ள எடைக்கு வாயுவை நிரப்புவர். அளவுக்கு மீறி நிரப்பினாலும் அழுத்தம் உயர்ந்து குளிர்ச்சி குறையும். கலப்பின, மின்சாரக் கார்களில் கம்ப்ரசர் உயர் மின்னழுத்தத்தில் இயங்குவதால், ஆரஞ்சு நிற ஒயர்களைத் தொடவே கூடாது.

பராமரிப்பு

குளிர்காலத்திலும் வாரம் ஒருமுறை சில நிமிடங்கள் ஏசியை இயக்கினால் எண்ணெய் பரவி, ரப்பர் அடைப்பான்கள் உலராமல் இருக்கும். கேபின் ஃபில்டரை ஆண்டுக்கு ஒருமுறையும், தூசி மிகுந்த சாலைகளில் ஓடும் கார்களில் இன்னும் முன்னதாகவும் மாற்றுவது நல்லது. பணிமனைக்குச் செல்லும்போது மேற்கண்ட சோதனைகளின் முடிவைக் கூறி, வாயு நிரப்பும் முன் கசிவு உள்ள இடத்தைக் காட்டும்படி கேட்கலாம். கசிவை அடைக்காமல் நிரப்பும் வாயு மீண்டும் வெளியேறிவிடும்.